கரிமருந்துக் காலத்துப் பறவை வேட்டை

பறந்துகொண்டிருக்கும் பறவையைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவது பிரிட்டனில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னர் வலை விரித்தும் வல்லூறை ஏவியும் பறவை பிடித்தவர்கள், துப்பாக்கி கையில் இருந்தபோதும் தரையிலோ நீரிலோ அமர்ந்திருக்கும் பறவையையே பெரும்பாலும் குறிவைத்தனர். இதற்குக் காரணம் சுடுபவரின் திறமைக் குறைவு என்பதைவிட, விசையை இழுக்கும் கணத்துக்கும் குண்டு வெளியேறும் கணத்துக்கும் இடையே அன்றைய துப்பாக்கியில் இருந்த தாமதமே எனலாம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை, பத்தில் ஒரு விநாடி தாமதமானால் ஒன்றரை மீட்டர் விலகிவிடும். அடுத்த இரு நூற்றாண்டுகளில் வேட்டைத் துப்பாக்கியில் நேர்ந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றைத் தாமதத்தைக் குறைக்கவும், பின்னர் புகையைப் போக்கவும் நடந்த முயற்சிகளாகப் படிக்க முடியும்.

இவ்விரண்டு தொல்லைகளில் புகைக்கு மூலம் கரிமருந்தே. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் என்பது இதன் பொதுவான கலவை. வெடியுப்பு உயிர்வளியைத் தருகிறது, கரி எரிகிறது, கந்தகம் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையைக் குறைக்கிறது. கரிக்கு வில்லோ, ஆல்டர் போன்ற மென்மையான மரங்களையே நாடினர். வெடியுப்போ பெருமளவு பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போயிற்று. ஆங்கிலேயப் பிரபு தம் பண்ணையில் கவுதாரி சுட்டபோது எழுந்த புகையில், பாட்னாவைச் சுற்றியிருந்த ஊர்களில் உவர்மண்ணைச் சுரண்டிக் காய்ச்சிய எளிய மனிதர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை அக்கால வேட்டை நூல்கள் நினைவுகூர்வதில்லை. எரிந்தபின் இம்மருந்தின் எடையில் பாதிக்குச் சற்றே கூடுதலான பகுதி வாயுவாக மாறாமல் திடத் துகளாகவே எஞ்சுகிறது. குழலுக்கு வெளியே சென்ற துகள் வெண்புகையாகத் தெரிகிறது, உள்ளே தங்கியது கரிய பிசுக்காகப் படிகிறது.

பறவை வேட்டைக்கு உரியது ஒற்றைக் குண்டு பாயும் ரைஃபிள் அன்று. ஒரே வேட்டில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகளை விசிறியடிக்கும் ரவைத் துப்பாக்கியே. அதன் குழலின் உள்விட்டத்தைப் 'போர்' என்னும் கணக்கால் குறிப்பர்: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் பொருந்துமோ அது 12 போர், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர், எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும் என்பதால் 20 போர் இதைவிட ஒடுங்கியது. ரவையைக் கோளமாகச் செய்வது நெடுங்காலம் சிரமமான வேலையாகவே இருந்தது. பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்னும் குழாய்ப் பணியாளர், ஆர்செனிக் சிறிது கலந்த ஈயத்தை உருக்கிச் சல்லடை வழியே உயரத்திலிருந்து நீரில் விழவிட்டால் துளிகள் விழும்போதே உருண்டுவிடும் என்று கண்டு 1782-இல் காப்புரிமை பெற்றதோடு, விழும் தொலைவு போதாமல் தம் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பினார்.

மருந்துக்கும் ரவைக்கும் உள்ள விகிதத்தை அக்கால வேட்டையர் தராசில் பார்க்கவில்லை. ஒரே அளவுக்கிண்ணத்தால் மருந்தை ஒருமுறையும் ரவையை ஒருமுறையும் முகந்து போடுவதே அவர்களது எளிய விதி. 12 போருக்கு 3 டிராம் மருந்து, அதாவது சுமார் 5.3 கிராம், அதனோடு ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைந்த 32 கிராம் ரவை என்பது இவ்விதியை ஒட்டிய வழக்கமான இடுகை. மருந்தைக் கூட்டினால் ரவை வேகமாகப் போகும் என்பது உண்மையே ஆயினும், அளவு மீறும்போது ரவைத் திரள் சிதறி நடுவே ஓட்டை விழுந்து, பறவை அந்த ஓட்டை வழியே தப்பிவிடும். எனவே அனுபவசாலிகள் மருந்தில் சிக்கனமாகவே இருந்தனர். அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் இன்றைய புகையில்லா மருந்தின் விசையையும் கரிமருந்தின் டிராம் கணக்கில் குறிக்கும் வழக்கம் இன்னும் எஞ்சியிருக்கிறது.

வாய்வழியே மருந்திடும் இரட்டைக்குழல் துப்பாக்கியை நிரப்பும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான் அந்த வேட்டையின் நிதானம் புரியும். துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் முகத்துக்கு நேரே வராமல் சாய்த்துப் பிடித்து, மருந்துக் குப்பியிலிருந்து அளந்த மருந்தை ஒவ்வொரு குழலிலும் கொட்ட வேண்டும். அதன்மேல் கனத்த கம்பளி அட்டையைச் செருகிக் கெட்டிப்புக் கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும்; வாயு பக்கவாட்டில் கசியாமல் ரவையை உந்துவதற்கு இந்த அடைப்பே ஆதாரம். பிறகு ரவை, ரவை உருண்டு விழாதிருக்க மெல்லிய அட்டை, கடைசியாகப் பற்றவைக்கும் பொருள். இத்தனையும் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். முந்தைய வேட்டின் கங்கு குழலுக்குள் கனன்றுகொண்டிருந்தால் கொட்டும் மருந்து குப்பியோடு தீப்பற்றலாம். ஒரு குழலில் இருமுறை மருந்திட்டு மற்றதைக் காலியாக விட்டவர்களும் உண்டு. வலக்குழலை மட்டும் சுட்டுச் சுட்டு நிரப்பினால் அதன் உதைப்பில் இடக்குழலின் ரவை முன்னோக்கி நகர்ந்து, அது வெடிக்கும்போது குழலே பிளக்கக்கூடும்.

பற்றவைக்கும் பொருளில்தான் பெரிய மாற்றம் நேர்ந்தது. சக்கிமுக்கித் துப்பாக்கியில் 'குதிரை' எனப்படும் பகுதியின் வாயில் கவ்விய கல், எஃகுத் தகட்டில் உரசி எழுப்பும் பொறி வெளிக்கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ சிறு துளை வழியே உள்ளே புகுந்து, அதன் பின்னரே குழலின் மருந்து பற்றும். ஹென்றி நாக் 1787-இல் காப்புரிமை பெற்ற அடிக்குழல் அமைப்பு தீயைப் பிரதான மருந்தின் நடுவே செலுத்தி எரிதலை விரைவாக்கியதால், குட்டையான, எடை குறைந்த குழல்கள் சாத்தியமாயின. லண்டனின் ஜோசப் மேண்டன் இத்தகைய துப்பாக்கியை அழகின் உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவரிடம் பணியாற்றியவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற ஜேம்ஸ் பர்டி. மேண்டனோ 1826-இல் கடனில் மூழ்கித் திவாலானார்.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் வெளிக்கிண்ணத்தின் பளிச்சென்ற தீயைப் பறவை முதலில் கண்டுவிடும் என்ற குறை தீரவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே பெல்ஹெல்வி என்னும் கடலோர ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், காட்டுவாத்து சுடுவதில் ஆர்வமுடையவர். தீப்பொறியைக் கண்டு பறவைகள் விலகிவிடுவதால் சலிப்புற்ற அவர், அடித்தால் வெடிக்கும் ஃபுல்மினேட் வகை உப்புகளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கலாம் என்று கண்டார். லண்டன் கோபுரத்தில் அரசு ஆதரவோடு சிறிது காலம் ஆய்வு செய்து, அந்த ஆதரவு விலக்கப்பட்ட பின் 1807-இல் காப்புரிமை பெற்றார். 1820-களில் இது முலைக்காம்பு போன்ற முனையில் செருகும் சிறு செப்புக் கேப்பாக உருப்பெற்றது. தீபாவளிக்குச் சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியில் வெடிக்கும் சுருள் கேப்பு, வேதிப்பொருளில் வேறுபட்டாலும், அடிபட்டதும் வெடிக்கும் குணத்தில் அதன் தூரத்து உறவே. உலகப் படைகளின் துப்பாக்கிகளை எல்லாம் மாற்றியமைத்த ஒரு கருத்து, ஒரு பாதிரியாரின் வாத்து வேட்டைச் சலிப்பிலிருந்து பிறந்தது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

நிரப்ப ஒரு நிமிடம் ஆனதால் வேட்டையின் நடைமுறையும் அதற்கேற்பவே அமைந்தது. அறுவடைத் தாளடிகளில் ஓரிருவர் மெல்ல நடந்து செல்ல, பாயிண்டர், செட்டர் வகை நாய்கள் முன்னே மோப்பம் பிடித்து, கவுதாரிக் கூட்டம் பதுங்கிய இடத்தைக் கண்டதும் சிலைபோல் நிற்கும். வெடிச்சத்தம் கேட்டவுடன் நாய் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்று பழக்கியிருந்தனர். எசமானர் மீண்டும் மருந்திட்டு முடிப்பதற்குள் அது ஓடிப்போய் எஞ்சிய பறவைகளைக் கலைத்துவிடக் கூடாதல்லவா. நாயின் ஒழுக்கத்தைக்கூட மருந்துக் குப்பியே வகுத்தது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது பின்புறம் மடங்கித் திறக்கும் துப்பாக்கி. பிரெஞ்சுக்காரரான லெஃபோஷே 1830-களில் உருவாக்கிய இவ்வகை, 1851-இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பின் ஆங்கிலேயரைக் கவர்ந்தது. 1860-களில் மருந்து, ரவை, கேப்பு மூன்றும் ஒன்றாய் அடங்கி, அடிப்புற மையத்தில் ஊசி தாக்கும் தோட்டாவும் வந்தபின், நிரப்புவது சில விநாடி வேலையாயிற்று. அதன் பின் வேட்டையர் நடக்கத் தேவையில்லை. அவர்கள் வரிசையாக நிற்க, கூலியாட்கள் புதர்களைத் தட்டி ஃபெசன்ட் பறவைகளையும், ஹெதர் படர்ந்த மேட்டுநிலங்களில் க்ரவுஸ் பறவைகளையும் அவர்களது தலைக்குமேல் ஓட்டிவிட்டனர். வால்சிங்ஹாம் பிரபு 1888 ஆகஸ்ட் 30 அன்று யார்க்‌ஷயரின் பிளபர்ஹவுசஸ் மேட்டுநிலத்தில் தனியொருவராக 1,070 க்ரவுஸ் பறவைகளைச் சுட்டார். இதைத் திறமை என்று போற்றியவர்கள் அன்று பலர். ஒரு நிமிடக் காத்திருப்பு இருந்த காலத்தில் எந்தத் திறமையாலும் இது நடந்திராது என்பதே உண்மை. 1831-ஆம் ஆண்டுச் சட்டம் க்ரவுஸ் வேட்டையை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை என்று வரையறுத்ததே தவிர, ஒருநாள் எண்ணிக்கைக்கு அது எல்லை வகுக்கவில்லை.

வேகம் கூடியபின் புகை பெருந்தொல்லையாயிற்று. காற்றில்லாத ஈரமான இலையுதிர்காலக் காலையில் முதற்குழலின் புகை முகத்தெதிரே தொங்கிக்கொண்டிருக்க, இரண்டாம் பறவை எங்கே என்று குனிந்தும் நிமிர்ந்தும் தேட வேண்டியிருந்தது. பிரஷ்யப் படை அதிகாரி ஷுல்ட்ஸ 1860-களில் மரத்துகளை நைட்ரிக் அமிலத்தால் பதப்படுத்திச் செய்த புகை குறைந்த மருந்து முதலில் வேட்டையர் கைக்கே வந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் கரிமருந்து பெரும்பாலும் ஒதுங்கியது.

இன்றும் அப்பழைய துப்பாக்கிகளை அவற்றுக்குரிய மருந்தோடு பயன்படுத்துவோர் உண்டு. பிரிட்டனில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியாளருக்கென 1952-இல் ஒரு சங்கம் தோன்றியது. அவர்கள் முதலில் பார்ப்பது குழலை. 19-ஆம் நூற்றாண்டின் சிறந்த குழல்கள் பலவும் 'டமாஸ்கஸ்' வகை: இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, கம்பியின்மேல் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கியவை, அதனால் மேற்பரப்பில் நீரலை போன்ற கோலம் உடையவை. தென்னிந்திய உருக்கு எஃகால் அடித்துச் செய்த புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கும் இவற்றுக்கும் பெயரும் கோலமும்தான் பொது. 1813-இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் போன்ற இடங்களில் மிகையான மருந்தால் சுட்டுப் பார்த்துக் குழலில் இடும் முத்திரையே அது எந்த மருந்தைத் தாங்கும் என்பதற்குச் சான்று. புகையில்லா மருந்து கரிமருந்தைவிட எடைக்கு எடை பன்மடங்கு வலியது. பழைய அளவுக்கிண்ணத்தால் அதை முகந்து இடுபவர் கையை இழக்க நேரும். ரவையிலும் சிக்கல் உண்டு: ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாவதால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் அது விலக்கப்பட்டுள்ளது. மாற்றாக வந்த எஃகு ரவை கடினமானது என்பதால் மெல்லிய பழங்குழலைக் கீறிவிடும். ஆகவே மென்மையும் ஓரளவு கனமும் கொண்ட பிஸ்மத் ரவையை நாடுகின்றனர்.

வேட்டை முடிந்த இரவே துப்பாக்கியைக் கழுவியாக வேண்டும். குழலில் படிந்த பிசுக்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, விடிவதற்குள் துருவை மூட்டிவிடும். எண்ணெய்க்கு அது கரையாது. கொதிக்கக் காய்ச்சிய வெறும் வெந்நீருக்கே கரையும். குழலைக் கழற்றி வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுக்கும்போது நீர் மையாகக் கறுத்து வெளியேறும். கந்தகத்தால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். நீர் தெளியும்வரை நான்கைந்து முறை மாற்றி ஊற்றியபின், குழல் தொட முடியாத அளவு சூடேறியிருப்பதால் ஈரம் தானே காய்ந்துவிட, அதன் பிறகே எண்ணெய் பூசுவர்.