தோற்றோர் மொழி: நிலக்கோட்டைத் தொகுதி வழிநின்று ஓர் ஆய்வு

வாகை சூடிய வேந்தரைப் புகழும் பாட்டுக்கள் புறநானூற்றுள் பல. தோற்றோரைப் பாடியன சிலவே. எனினும் அச்சிலவே நெஞ்சை விட்டு நீங்காதன. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனொடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். கழாஅத்தலையார் 65ஆம் பாட்டிலும் வெண்ணிக் குயத்தியார் 66ஆம் பாட்டிலும் இதனைப் பாடினர். தோற்றவன் வென்றவனினும் மேம்பட்டான் எனும் கருத்தை, வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்தியே குயத்தியார் கூறுகின்றார். தோல்வியைத் தோற்றவன் எங்ஙனம் ஏற்றான் என்பதே அவர்க்கு அளவுகோல் ஆயிற்று.

இக்காலத் தேர்தலும் போரின் சொற்களையே கடன் கொண்டுள்ளது. களம், அணி, கோட்டை, முற்றுகை என்பன நாளும் நாம் கேட்பன. ஆயின், தேர்தலில் தோற்றவர் வடக்கிருத்தற்கு உரியர் அல்லர். ஐந்தாண்டு கழித்து அதே மக்கள்முன் மீண்டும் நிற்றற்கு உரியர். எனவே, தோற்ற மறுநாள் அவர் உரைக்கும் மொழி பெரிதும் கருதத்தக்கது. அம்மொழியையும் அதன்வழிப் புலனாகும் மனநிலையையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு நிலக்கோட்டைத் தொகுதியைத் தலைமையாகக் கொண்டோம். பூச்சந்தையால் பெயர் பெற்ற இவ்வூர், 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இது ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பெற்ற தொகுதி. காங்கிரசு, அ.தி.மு.க., தமிழ் மாநிலக் காங்கிரசு, புதிய தமிழகம் ஆகிய கட்சியினரும், கட்சி சாராச் சுயேச்சையும் இங்கு வென்றுள்ளனர். ஆகவே தோல்வியின் சுவை அறியாத அணி இங்கு இல்லை எனலாம்.

தோற்றோர் மொழியை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மறைத்துக் கூறல். இன்னார் தோற்றார் என்று கட்சி ஏடுகள் எழுதுவது அரிது. 'வெற்றி வாய்ப்பை இழந்தார்' என்றே எழுதும். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என இலக்கணம் வகுத்தது. இத்தொடரும் அவ்வழக்கின்பாற்படும். எனினும் இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் இழப்பது முன்பே தமக்கு உரியதாயிருந்த பொருளையன்றோ? வெற்றி நமக்கே உரியது, எவ்வாறோ கைநழுவிற்று என்னும் உட்பொருளை இத்தொடர் தாங்கி நிற்கின்றது. வாக்காளர் இதன்கண் யாண்டும் தோன்றார்.

இரண்டாவது, அகத்தே பகை காணல். 'உள்ளடி வேலை', 'துரோகம்' என்பன இதற்குரிய சொற்கள். உட்பகைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தலின், இவ்வச்சம் புதியதன்று. ஆயின் கட்சி அரசியலில் இச்சொல் நிலைத்த பொருளுடையதாக இல்லை. இதற்குத் திண்டுக்கல்லே சான்று. 1972 அக்டோபரில் அ.தி.மு.க. தோன்றிற்று. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாள் நிகழ்ந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அக்கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று பெருவெற்றி பெற்றார். பழைய காங்கிரசு இரண்டாமிடம் பெற, மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாமிடம் அடைந்தது. பிரிந்து சென்றோரைத் துரோகியர் என்றது ஒருபால். கொள்கை காத்தோர் என்றது மற்றொருபால். ஏழாண்டு கழிந்து 1980 சனவரியில் அதே மாயத்தேவர் அதே தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றார். துரோகம் என்னும் சொல் தோல்வியின் காரணத்தை விளக்குவதினும், தோல்வியின் வலியையே மிகுதியாக உணர்த்துகிறது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, புறத்தே சூழ்ச்சி காணல். பணம் வென்றது, இயந்திரம் வென்றது, அதிகாரம் வென்றது என்பன இவ்வகையின. இவை முற்றும் பொய் என்று தள்ளற்பாலன அல்ல. பணம் வழங்கப்பட்டமை காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017இல் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. அதனாலேயே சட்டமும் தோற்றவர்க்கு ஒரு வழி திறந்துள்ளது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம். 1971இல் இரேபரேலியில் தோற்ற இராசநாராயணன் தொடுத்த வழக்கில்தான் 1975 சூன் 12ஆம் நாள் தலைமையமைச்சர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என அலகாபாது உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஆயின் வழி உண்டு என்பதனால் அது விரைவு வழி என்று கொள்ளற்க. 2016இல் இராதாபுரத்தில் 49 வாக்குகளில் தோற்ற மு. அப்பாவு வழக்குத் தொடுத்தார். 2019இல் உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட, உச்சநீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை விதித்தது. வழக்கு முடியாமலே அப்பேரவையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் மக்களே அவரைத் தேர்ந்தனர். அவர் பேரவைத் தலைவரும் ஆனார்.

ஐயமுடையார் நீதிமன்றம் செல்க. சான்றின்றி ஐயத்தை ஊர்தோறும் விதைப்பது வேறு. இதற்கு நிலக்கோட்டை நல்லதொரு பாடம் கற்பித்துள்ளது. 18 சட்டமன்ற உறுப்பினர் 2017இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டபொழுது இத்தொகுதியும் வெறுமையுற்றது. 2019 ஏப்ரல் 18ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலும் நிலக்கோட்டை இடைத்தேர்தலும் ஒருங்கே நடைபெற்றன. நிலக்கோட்டையை உள்ளடக்கிய திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் தி.மு.க. 5 இலக்கத்திற்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றது. அதே நாளில் நிலக்கோட்டைச் சட்டமன்ற இடத்தை அ.தி.மு.க.வின் தேன்மொழி ஏறத்தாழ 20,000 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஒரே வரிசையில் நின்ற மக்கள் இரு பொறிகளில் இருவேறு தீர்ப்பு வழங்கினர். இருதிறத்தாரும் ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றமையின், இயந்திரத்தின்மேற் பழி ஏற்றுதல் எவர்க்கும் எளிதன்று. வாக்காளர் அளந்தே அளிக்கின்றனர் என்பது தேற்றம்.

நான்காவது, 'மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம்' என்னும் மொழி. இது வாய்ப்பாடாகத் தேய்ந்த தொடரே. எனினும் மெய்யாக வணங்கியோரும் உளர். 1962இல் காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா தோற்றார். அவர் கட்சியோ 50 இடங்களைப் பெற்றது. அவர் மாநிலங்களவை சென்று பணி தொடர்ந்தார். 1967இல் முதலமைச்சர் ஆனார். அதே 1967இல் பெருந்தலைவர் காமராசர் தம் பிறந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். மக்களைப் பழியாது அமைந்தார். 1969இல் நாகர்கோயில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர்.

கட்சிகளின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். 1980 சனவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டே இடம் பெற்ற அ.தி.மு.க., அவ்வாண்டு மே திங்களில் சட்டமன்றத்தில் 129 இடங்களை வென்றது. 1977 முதல் மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ந்து தோற்ற தி.மு.க. 1989இல் ஆட்சி பெற்றது. 1991இல் இரண்டு இடங்களாகச் சுருங்கி 1996இல் மீண்டது. 1996இல் நான்கு இடங்களே பெற்ற அ.தி.மு.க. 2001இல் ஆட்சிக்கு வந்தது. நிலக்கோட்டையில் 1957இலும் சோழவந்தானில் 1962இலும் வென்ற ஏ. எசு. பொன்னம்மாள், பின்னர்ப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1980இல் நிலக்கோட்டையிலேயே சுயேச்சையாக நின்று பேரவை புகுந்தார். வள்ளுவர் கூறிய இடுக்கண் அழியாமைக்கு இவை இலக்கியம்.

இனி, தொண்டர் நிலை கருதற்பாலது. தலைவர்க்குத் தோல்வி ஓர் அறிக்கையோடு முடியும். தொண்டர்க்கோ அது தெருவில் தொடங்கும். மீசை மழிப்பதாகவும் மொட்டை அடிப்பதாகவும் பந்தயம் கட்டியவர், தேநீர்க் கடையில் எதிரணியாரின் நகைப்பை ஏற்க வேண்டும். வேட்பாளர் ஆறில் ஒரு பங்கு வாக்கும் பெறாவிடின் 'டெபாசிட் போயிற்று' என்னும் எள்ளல் நெடுநாள் தொடரும். எதிர் அணிக்கு உழைத்தவர் பக்கத்து வீட்டினராயும் உறவினராயும் இருப்பர். நேற்றுவரை ஒரே சந்தையில் பூ விற்றவர் நாளையும் அங்கேதான் விற்றாக வேண்டும். தலைமை 'துரோகம்' என்று ஒரு சொல் உதிர்ப்பின், அது இத்தெருக்களில் பகையாக முளைக்கும். 2020 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஏற்க மறுத்தமையின் விளைவு, 2021 சனவரி 6ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்துள் வன்முறையாக வெடித்ததை உலகம் கண்டது. தோற்றோர் மொழி வெறுஞ்சொல் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இந்நான்கு வகையினும் ஒரு குறை பொதுவாக உளது. மறைப்போரும் பழிப்போரும் வணங்குவோரும் தம்மைத் தோற்கடித்த வாக்காளரையே நோக்குகின்றனர்; தமக்கு வாக்களித்தோரை மறந்துவிடுகின்றனர். 1967இல் ஆட்சி இழந்த காங்கிரசுக்கு ஏறத்தாழ 41 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்திருந்தன. 1991இல் இரண்டே இடம் பெற்ற தி.மு.க.வுக்கும், 1996இல் நான்கே இடம் பெற்ற அ.தி.மு.க.வுக்கும் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. இடங்கள் அழிந்தன, மக்கள் அழிந்திலர். அவர்தம் குடிநீர்க் குறையும் சாலைக் குறையும் தேர்தலோடு தோற்றுப்போவன அல்ல.

வென்றவர் நன்றி அறிவிக்க ஊர்வலம் வருதல் நம் நாட்டு வழக்கு. தோற்றவரும் அவ்வாறு வருதல் வேண்டும் என்பது எம் துணிபு. 'எமக்கு வாக்களித்தீர், உங்கள் குரலாக இருப்போம், எதிரணிக்கு வாக்களித்தோரும் நம் ஊராரே' என்று அவர் தெருத்தெருவாகச் சென்று கூறின், தொண்டரின் சினம் தணியும், எதிர்க்கட்சி என்னும் சொல்லும் பொருள் பெறும். வென்றவனிடத்திலேயே தோற்றவனின் பெருமையை எடுத்துரைத்தற்கு அன்று ஒரு குயத்தியார் இருந்தார். அவ்வாறு உரைக்கத்தக்க ஒழுகலாறு தோற்றோரிடம் காணப்படுமாயின், இன்றும் அதனை உரைப்பார் இலராகார்.