அதிபார வீரனின் தனிமை

கண்டி நகரத்துக் கல்லூரிகள் என்றதும் கிரிக்கெட்டும் ரக்பியுமே பலருடைய நினைவுக்கு வரும். அந்த ஆரவாரத்துக்கு அப்பால், மாணாக்கர் சிலர் கையுறை அணிந்து மணல் மூட்டையைக் குத்திப் பழகும் காட்சியும் அங்கே உண்டு. 1872ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திரித்துவக் கல்லூரி முதலாகக் கண்டிக் கல்லூரிகள் பல குத்துச்சண்டையை நெடுங்காலம் பேணி வந்துள்ளன. ஸ்டப்ஸ் கேடயத்துக்காக நடைபெறும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியே இலங்கை மாணாக்கர்க்கு வாய்க்கும் முதற் பெருங்களம்.

இத்தகைய பயிற்சிக் கூடம் ஒன்றில், நல்ல உயரமும் பருத்த தோளும் விரைந்த கால்களும் உடைய இளைஞன் ஒருவன் எப்போதாவது தோன்றுவதுண்டு. காண்போர் வியப்பர், பெரிய வீரன் ஆவான் என்பர். ஆயினும் அவனுக்கு உள்ள இடையூறு மற்றவர்க்கு இல்லாதது.

குத்துச்சண்டையில் ஒத்த எடையுள்ளோரே மோதுவர். அமெச்சூர் விதிகளின்படி முன்னாளில் 81 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் அதிபாரப் பிரிவினர். 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அப்பிரிவு 91 கிலோகிராமை எல்லையாகக் கொண்டு இரண்டாக வகுக்கப்பட்டது. நம் நாடுகளில் இளைஞர் பெரும்பாலும் இலேசான உடலினர். ஆகவே, இலேசான வீரனுக்குப் பழகுவதற்குத் துணைவர் பலர் கிடைப்பர். அதிபார வீரனோ தனித்து நிற்பான். தன்னினும் எடை குறைந்தவனோடு பழகும்போது அவன் குத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த அடக்கமே நாளடைவில் வழக்கமாகிவிடும். வலிய குத்தைத் தாங்கவும் அதிலிருந்து விலகவும் கற்பதற்கு, வலிய குத்துடைய ஒருவன் எதிரே நிற்க வேண்டுமல்லவா?

இலங்கையின் புகழும் இலேசான பிரிவுகளிலேயே மலர்ந்தது. 1938இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கப் பதக்கம் பெற்றது இறகுப் பாரப் பிரிவில். நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் களமிறங்கிய அனுருத்த ரத்நாயக்கவும் 51 கிலோகிராம் பிரிவினரே.

அதிபார வீரனின் நிலையை அறிய, அண்டை நாடாகிய இந்தியாவின் ஹவா சிங்கின் வாழ்க்கை தக்க சான்று. ஹரியானாவின் உமர்வாஸ் என்னும் சிற்றூரில் 1937இல் பிறந்த அவர், 1956இல் இராணுவத்தில் சேர்ந்தார். 1960இல் மேற்குப் படைப்பிரிவின் வாகையராகி, அதன்பின் தொடர்ந்து பதினோரு முறை தேசிய வாகை சூடினார். பதினோரு முறை என்பது பெருமைதான். உள்நாட்டில் அவருக்கு ஈடானவர் இல்லை என்பதும் அதே எண்ணில் அடங்கியுள்ளது.

1962ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டு விழாவுக்கு அவர் போக இயலவில்லை. சீன எல்லையில் மூண்ட பகை படைவீரரான அவருக்குத் தடையாயிற்று. பின்னர் 1966இலும் 1970இலும் பாங்கொக்கில் ஆசியத் தங்கத்தை வென்றார். எனினும் ஒலிம்பிக் மேடையில் அவர் ஒருநாளும் ஏறவில்லை. ஏறியிருந்தால் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்பதை இனி யாராலும் அளக்க முடியாது.

அதே காலத்து அமெரிக்க இளைஞர் ஒருவரை நோக்கினால் வேறுபாடு விளங்கும். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பதினெட்டு வயதில் தங்கம் வென்றவர், பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர் பெற்றவர். ஊர் வணிகர் சிலர் கூடிப் பொருளுதவி செய்தனர். அஞ்சலோ டண்டி என்னும் தேர்ந்த பயிற்சியாளர் வாய்த்தார். படிப்படியாக வலிமை மிக்க எதிரிகள் கிடைத்தனர். 1964இல் சன்னி லிஸ்டனை வென்று அவர் உலக வாகையரானார். திறமை இருவரிடமும் இருந்தது. திறமை ஏறிச் செல்லும் படிகள் ஒருவருக்கே அமைந்திருந்தன.

ஹவா சிங் தமக்கு இல்லாத படிகளைப் பிறர்க்குக் கட்டினார். பிவானி நகரில் இளைஞரைப் பயிற்றுவித்து, அவ்வூரைக் குத்துச்சண்டையின் உறைவிடம் ஆக்கினார். பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியர் விருது அவருக்கு அறிவிக்கப்பெற்றது. அதைக் கையில் வாங்குவதற்குச் சில நாள் முன்னதாக, 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் மறைந்தார். எட்டு ஆண்டு கழித்து, பிவானி தந்த விஜேந்தர் சிங் பெய்ஜிங்கில் வெண்கலம் பெற்றார். குத்துச்சண்டையில் இந்தியா கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

கண்டியில் நாளை ஓர் அதிபார இளைஞன் தோன்றலாம். கைதட்டும் புகழுரையும் அவனுக்குத் தாமாகவே வந்து சேரும். அவனுக்குத் தேவையானது அவனை ஒத்த எடையுள்ள துணைவர். ஒரு கல்லூரியில் ஒருவனே இருப்பின், கல்லூரிகள் நான்கு கூடித் தம் பெரிய பிள்ளைகளை ஒரே களத்தில் பழகவிடலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; மனம் ஒன்றே போதும்.