தோட்டாக் கூடும் நெருப்பும்

சென்ற வாரம் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளைப் பார்த்தோம். இந்த வாரம் வடக்கே கிருஷ்ணன்கோவிலுக்கு வருவோம். இங்கே கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ராணுவத்துக்குத் தோட்டாவின் பித்தளைக் கூடு செய்து கொடுக்கலாம் என்று நினைக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?

தகட்டிலிருந்துதான். செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. உலோகச் சந்தையில் இதற்கு கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்றே பெயர். ஈயம் கலந்த காயலான் பித்தளை லேத்துக்கு ஆகும், ஆழமாக இழுப்பதற்கு ஆகாது. வட்டமாக வெட்டிய தகட்டை பிரஸ்ஸில் கிண்ணமாக்கி, டையும் பஞ்ச்சும் மாற்றி மாற்றி நீளக் குழாயாக இழுக்கிறார்கள். குடம் தட்டுபவர் பித்தளை விறைத்ததும் நெருப்பில் காட்டுவாரே, அதேபோல் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சூளை வேண்டும்.

சுடும்போது உள்ளே எழும் அழுத்தம், ரைபிளில் காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல். அந்தக் கணத்தில் கூட்டின் வாய் விரிந்து அறையை அடைக்க வேண்டும். உடனே சுருங்கி வெளியே வர வேண்டும். அடிப்பாகமோ அசையக் கூடாது. ஒரே பித்தளையில் வாய் இளகியும் அடி இறுகியும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலின் கஷ்டமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

இழுத்த பித்தளைக்குச் சூளை எவ்வளவு முக்கியம் என்று பாடம் சொன்னது நம் மழைக்காலமே. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள் மழை மாதங்களில் தாமாகவே விரிசல் விட்டன. ஆண்டுக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. 1921இல்தான் தெளிவாக விளக்கம் கிடைத்தது: குதிரை மூத்திரத்தின் அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுத்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கத்தைத் தாக்கியிருக்கிறது. இறுக்கம் நீங்கும் அளவுக்குச் சூடு காட்டுவதுதான் மருந்து. சூளைக் கணக்கில் அவசரப்படுபவர் செய்த சரக்கு கிடங்கில் படுத்தே கெட்டுப்போகும்.

அடுத்தது சட்டம். மருந்தும் குண்டும் இல்லாத வெறும் கூடுதானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும் தோட்டாதான்; அதைச் செய்யும் இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் மாதிரிக்கு ஒன்று செய்து பார்ப்பதும் குற்றம். சிவகாசிப் பட்டாசு உரிமத்தில் பழகியவர்களுக்கும் இது வேறு வாசல். 2016 ஆயுத விதிகளின்படி உள்துறை அமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

வாங்குபவர் யார் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். துப்பாக்கி திருச்சியில் செய்கிறார்கள், உந்துமருந்து அரவங்காட்டில். தோட்டாவோ மகாராஷ்டிரத்தின் கட்கியிலும் வரங்கானிலும். அரவங்காடு, கட்கி, வரங்கான் மூன்றும் 2021 முதல் முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தில் இருக்கின்றன. 2019இல் திருச்சியில் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் நம் விருதுநகர் மாவட்டம் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

என் யோசனை இதுதான்: பல்பு ஹோல்டர் மூடி, மின்சாதனப் பாகங்கள் என்று உரிமம் கேட்காத பித்தளைச் சாமான்களை முதலில் இழுத்துப் பழகுங்கள். டை செய்யத் தெரிந்தவரையும் சூளை பார்க்கத் தெரிந்தவரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கடினத்தன்மை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். உரிமத்துக்கு மனுப் போடும் நாளில் அந்தப் பதிவேடு கையில் இருக்கட்டும்.

(தொடரும்)