வன்தட்டின் பிரிவுகளும் காப்புப்படியும்

எழுதப்பட்ட ஒன்று நிலைத்து நிற்க வேண்டுமாயின் அதற்குப் படி வேண்டும். ஓலை செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். ஓரிடத்தில் சுவடி அழிந்தபோதும் வேறோரிடத்தில் இருந்த படி நூலைக் காத்தது. ஆய்வேட்டையும் பாடக்குறிப்பையும் கணிப்பொறியில் வைத்திருக்கும் நாம் இம்மரபைப் போற்றுகின்றோமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒரே கோப்பை ‘சி’ டிரைவில் ஒன்றும் ‘டி’ டிரைவில் ஒன்றுமாக வைத்துவிட்டு, இரண்டு படிகள் உள்ளன என்று மனநிறைவு கொள்வோர் பலர். பெரும்பாலான கணிப்பொறிகளில் ‘சி’யும் ‘டி’யும் ஒரே வன்தட்டின் இரு பிரிவுகளே. ஒரு கூடத்தின் நடுவே தட்டி வைத்து மறைப்பதால் அது இரண்டு வீடாகிவிடாது. கூரை சரிந்தால் இரு பக்கமும் சரியும்.

பிரிவு அட்டவணை

எந்தப் பிரிவு எங்குத் தொடங்குகிறது, எவ்வளவு நீளமுடையது என்பதை வன்தட்டு ஓர் அட்டவணையில் குறித்து வைத்துள்ளது. எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் அது தட்டின் முதற்பகுதியான 512 பைட்டுக்குள் அடங்கும். அதில் 446 பைட்டு கணிப்பொறியைத் தொடக்கும் நிரலுக்கும், 64 பைட்டு நான்கு பிரிவுகளின் குறிப்புக்கும், 2 பைட்டு அடையாளக் குறிக்கும் உரியன. இந்த 64 பைட்டு சிதைந்தால், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருப்பினும் கணிப்பொறிக்கு அவை புலப்படா. நூலின் பொருளடக்கத் தாள் மட்டும் கிழிந்த நிலைக்கு இதனை ஒப்பிடலாம். ஜி.பி.டி. என்னும் புதிய முறையோ இதே அட்டவணையைத் தட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக இருமுறை எழுதி வைக்கிறது. படியைத் தள்ளி வைக்க வேண்டும் என்னும் நெறி இங்கும் புலனாகிறது.

இழப்பு நேருங்கால்

பிரிவு காணாமற்போனால், ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று கணிப்பொறி வினவுவதுண்டு. அதற்கு இசையலாகாது. அத்தட்டில் புதிதாக எதனையும் எழுதவும் கூடாது. தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி எழுமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்தி, மீட்புப் பணியில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே தக்கது. தட்டு நலமாக இருப்பின், முதலில் அதன் முழுப்படியை வேறொரு தட்டில் எடுத்தல் வேண்டும். பின்னர் அப்படியின்மீது டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டணமில்லா மென்பொருளை இயக்கலாம். அது பிரிவுகள் தொடங்கும் அடையாளங்களைத் தேடிக் கண்டு, அட்டவணையை மீண்டும் எழுதித் தரவல்லது. அதன் துணை மென்பொருளான ஃபோட்டோரெக் கோப்புகளை மீட்கும்; ஆயினும் அவற்றின் பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில், அழித்த கோப்பின் இடத்தைத் தட்டே துடைத்துவிடுவது பெருவழக்காதலின் மீட்பு இன்னும் அரிது. மருந்தினும் வருமுன் காத்தலே சிறந்தது என்பது இதனால் தெளிவாகும்.

சோதியாத படி

படி எடுத்தால் மட்டும் போதுமோ? போதாது என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது சான்றாகும். துணைக் கணிப்பொறியில் அழிக்க வேண்டிய தரவை, ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைக் கணிப்பொறியில் அழித்தார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. காப்புப்படிகளைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய படி உருவாகவே இல்லை என்று தெரிந்தது. அத்தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு பணிக்காக எடுத்து வைத்திருந்த படியே அந்நிறுவனத்தைக் காத்தது. இந்நிகழ்ச்சியை அந்நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது.

கைக்கொள்ளத்தக்க நெறி

மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்பது வல்லுநர் வகுத்த நெறி. கணிப்பொறியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று எனக் கொண்டால் இந்நெறி நிறைவேறும். வெளித்தட்டைப் பணி முடிந்ததும் கழற்றி வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்திருப்பின் நச்சுநிரல் அதனையும் தாக்கும். தானே ஒத்திசையும் இணையச் சேமிப்பு, இங்கு அழித்ததை அங்கும் அழித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மாதம் ஒருமுறையேனும் காப்புப்படியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாண்டு உழைப்பில் உருவான ஆய்வேடு ஒரு நொடியில் மறையக்கூடும். அதனைக் காக்கத் தேவைப்படுவது வாரத்தில் கால்மணி நேரமே. திறந்து படித்துப் பார்த்த படியே படி. ஏனையவை நம்பிக்கை மட்டுமே.