பாறை விடாத எண்ணெய்

அமெரிக்காவின் தெற்கு டெக்சாஸில் ஈகிள் ஃபோர்டு என்றொரு பாறை அடுக்கு இருக்கிறது. அதன் நுண்துளைகளில் பல, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. கிணறு தோண்டி, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்தாலும், அங்குள்ள எண்ணெயில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மேலே வருகிறது. தண்ணீரைச் செலுத்தித் தள்ளலாமென்றால், இவ்வளவு இறுகிய பாறையில் அது நகர்வதே பெரும்பாடு.

வாயுவுக்கு அந்தச் சிரமம் குறைவு. எண்ணெய் எடுத்த அதே கிணற்றின் வழியாகவே இயற்கை எரிவாயுவை உயர் அழுத்தத்தில் வாரக்கணக்கில் உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு கிணற்றைக் கொஞ்ச காலம் மூடி வைக்கிறார்கள். வாயு கரையக் கரைய எண்ணெய் உப்புகிறது, இளகுகிறது. கிணற்றைத் திறந்ததும், சோடா பாட்டிலில் நுரை பொங்குவதுபோல வாயு எண்ணெயையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. வரத்து குறைந்தால் மறுபடியும் வாயு, மறுபடியும் காத்திருப்பு.

2016-இல் ஈஓஜி ரிசோர்சஸ் நிறுவனம் ஈகிள் ஃபோர்டில் இந்த முறையைக் கையாள்வதாக அறிவித்தபோது, எண்ணெய்த் துறையின் கவனம் இதன்மேல் திரும்பியது. புதுக் கிணறு தோண்டாமலே கூடுதல் எண்ணெய் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் கம்ப்ரசர்களுக்கு ஆகும் செலவு அதிகம். பாறைப் பிளவுகள் வழியே பக்கத்துக் கிணற்றுக்கு வாயு கசிந்தால், வேண்டிய அழுத்தமும் நிற்காது.