‘கோ அஹெட்’ என்னும் தொடரும் தமிழ், தெலுங்கு இசைவு வழக்குகளும்: சித்தூர், திருப்பதி வட்டாரங்களை முன்வைத்து

ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சிலும் அலுவலக வழக்கிலும் மிகுதியாக வழங்கும் தொடர்களுள் ‘கோ அஹெட்’ என்பது ஒன்று. ‘முன்னே செல்’ என்பது இதன் சொற்பொருள். ஆயின் அச்சொற்பொருளில் இது வரும் இடங்கள் குறைவு. பேனாவை எடுத்துக்கொள்ளலாமா என ஒருவர் கேட்குமிடத்து இசைவாகவும், தொலைபேசியில் இருவர் ஒருங்கே பேசத் தொடங்குமிடத்து மற்றவர்க்கு வாய்ப்பளிப்பதாகவும், இடைநின்ற பேச்சைத் தொடரச் செய்வதாகவும், பிறர் தடுத்தும் ஒருவர் செய்து முடித்ததைச் சுட்டுவதாகவும், சண்டையில் அறைகூவலாகவும் அதே தொடர் நிற்கிறது. இதற்குத் தமிழில் ஒரே நிகரனைத் தேடும் மொழிபெயர்ப்பாளர் ‘முன்னே செல்லுங்கள்’, ‘தொடருங்கள்’ ஆகிய இரண்டில் ஒன்றில் வந்து நிற்பர். முன்னது பெரும்பாலான இடங்களில் பிழை. பின்னது ஏற்கெனவே தொடங்கிய வினைக்கே பொருந்தும். இலை முன் அமர்ந்து இன்னும் உண்ணத் தொடங்காத விருந்தினரிடம் ‘தொடருங்கள்’ என எவரும் கூறார்.

தமிழ் இத்தகைய இடங்களில் பொதுவினை ஒன்றை நாடுவதில்லை. கேட்கப்பட்ட வினையையே திருப்பித் தருகிறது. ‘எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்னும் வினாவுக்கு ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதே விடை. மனமுவந்து தருவதாயின் ‘தாராளமாக’ என்னும் அடை அதன்முன் சேரும், தனித்தும் நிற்கும். தொலைபேசியில் ‘நீங்கள் சொல்லுங்கள்’. இடைநின்ற கதைக்கு ‘மேலே சொல்லுங்கள்’, அல்லது வெறும் ‘அப்புறம்?’. ஆங்கிலம் முன்புறத்தைக் காணுமிடத்தில் தமிழ் மேற்புறத்தைக் காண்பது நோக்கத்தக்கது: மேற்கொண்டு, மேல்நடவடிக்கை, மேற்படிப்பு. ‘முன்’ என்பது காலத்தைக் குறிக்குமிடத்துக் கழிந்ததையே சுட்டுவது (முன்பு, முன்னோர்) இதற்கு ஒரு காரணமாகலாம். ‘முன்னேற்றம்’ என்னும் சொல்லும் உண்டாதலின் அதனை முழுக் காரணமாகக் கொள்ளுதல் மிகை. தடையை மீறிய செயலுக்குத் தமிழில் துணைவினையே போதும்: ‘எவ்வளவு சொல்லியும் கேளாமல் கையெழுத்துப் போட்டேவிட்டார்.’ இதனை ‘முன்சென்று கையெழுத்திட்டார்’ எனப் பெயர்ப்பது இக்காலச் செய்தித் தமிழில் காணப்படும் ஆங்கிலச் சாயல்களுள் ஒன்று. அறைகூவலுக்கு ‘அடி, பார்க்கலாம்’. தெலுங்கிலும் ‘கொட்டு, சூத்தாம்’ எனக் காண்டல் வினையே வருகிறது.

தெலுங்கை ஈண்டு இணைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. 1911இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் இருமொழி வழக்கு நெடுங்காலமாக நிலவுவது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இம்மாவட்டம் அதனுடன் சென்றது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்தை அடைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய பகுதிகளில் ஒருவரே காலையில் ஒரு மொழியிலும் மாலையில் மற்றொன்றிலும் இசைவு தருவது இயல்பு.

இங்குத் தெலுங்கர் ‘கோ அஹெட்’ என்பதற்கு வைத்துள்ள சொல் ‘கானிவ்வண்டி’. உண்ணத் தொடங்குமாறும், பேசுமாறும், வேலையைச் செய்யுமாறும் கூற இவ்வொரு சொல்லே பயன்படும். ஆங்கிலத் தொடருக்கு இவ்வளவு அணுக்கமான பொதுச்சொல் தமிழில் இல்லை. இதன் அமைப்பு தமிழர்க்குப் புதிதன்று. தமிழின் ‘ஆகு’ என்பதற்கு நேரான தெலுங்கு வினை ‘அவு’. அதன் எச்சவடிவமாகிய ‘கா’ என்பதுடன், கொடுத்தலைக் குறிக்கும் ‘இவ்வு’ சேர்ந்து ‘ஆக விடுங்கள்’ என்னும் பொருள் பிறக்கிறது. தமிழின் ‘ஆகட்டும்’ என்பதோ ‘ஆக’ என்னும் எச்சத்துடன் இசைதலைக் குறிக்கும் ‘ஒட்டு’ என்னும் வினை சேர்ந்தது. வினையும் ஒன்று, இசைவு என்னும் கருத்தும் ஒன்று. எனவே ஒன்றற்கு மற்றொன்று நிகர் எனக் கொள்ளத் தோன்றும். இங்கேதான் இடறல் நேர்கிறது.

‘நாளைக்குள் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்’ என அதிகாரி பணிக்க, எழுத்தர் ‘ஆகட்டும் ஐயா’ என்கிறார். கூறுபவர் வினையைச் செய்யப்போகிறவர். தெலுங்கில் எழுத்தர் ‘உத்தரம் பம்பமண்டாரா?’, அதாவது கடிதத்தை அனுப்பட்டுமா எனக் கேட்க, அதிகாரி ‘கானிவ்வண்டி’ என்கிறார். கூறுபவர் செய்ய விடுபவர். சொல் ஒத்திருக்க, சொல்பவர் இடம் மாறிவிட்டனர். ‘ம், ஆகட்டும், ஆகட்டும்’ எனத் தமிழிலும் செய்பவரை விரைவுபடுத்துவதுண்டு. ஆயின் அதில் இசைவைவிட அவசரமே மிகுதி. இதனோடு இன்னொரு சிக்கலும் உண்டு. காமராசர் பெயருடன் பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்ட ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பது ஏற்பும் அன்று, மறுப்பும் அன்று. முடிவைக் கேட்டவர் முடிவின்றித் திரும்புவர்.

‘போகட்டும்’ என்பதும் இவ்வாறே. ‘போனிவ்வு’ எனத் தெலுங்கர் ஆட்டோ ஓட்டுநரிடம் கூறினால் வண்டியைச் செலுத்து என்பது பொருள். அதைப் ‘போகட்டும்’ எனப் பெயர்த்தால் தமிழில் ‘அதை மறந்துவிடு’ என்றாகும். இதற்குத் தமிழில் நேரானது ‘வண்டியை விடு’ என்பதே. செலுத்துதலைப் போகவிடுதலாகக் காணும் பார்வையை அவ்வழக்கில் ‘விடு’ என்னும் வினை தாங்குகிறது. பேருந்து நடத்துநர்கள் இச்சிக்கலுக்குள் புகுவதில்லை. தமிழகப் பேருந்தில் ‘போலாம் ரைட்’, ஆந்திரப் பேருந்தில் ‘ரைட் ரைட்’.

இவ்வட்டாரம் தமிழுக்குத் தந்த செலவுச்சொல் ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். திருமலைக் கோயிலில் சந்நிதி முன் நிற்கும் அடியார்களை நகர்த்த ஒலிக்கும் ‘ஜரகண்டி’ என்பதைத் தமிழர் ‘ஜருகண்டி’ எனக் கொண்டு, திருமண வரவேற்பின் வரிசையிலும் நகைப்பாக ஆளுகின்றனர். 2018இல் அது தமிழ்த் திரைப்படம் ஒன்றின் பெயராகவும் ஆயிற்று. ‘ஜருகு’ என்பதற்கு நகர்தல், நிகழ்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. தமிழின் ‘நட’ என்பதும் அத்தகையதே: கால் நடக்கிறது, கூட்டமும் நடக்கிறது. ஆதலின் ‘பனி ஜருகுதோந்தி’ என்பது ‘வேலை நடக்கிறது’ என எளிதில் மாறும். அரசுத் தெலுங்கின் ‘சேயடம் ஜரிகிந்தி’ என்பதை மட்டும் ‘செய்தல் நடந்தது’ என்னாது ‘செய்யப்பட்டது’ எனப் பெயர்த்தல் தகும். தமிழர் கடன்கொண்டது நகர்தற்பொருளை மட்டுமே. அதிலும் இசைவுக் குறிப்பு சிறிதுமில்லை. நிற்க விரும்புபவரை நிற்கவிடாமை உள்ளது.

செய்தித்தாள்களில் இத்தொடரின் பெயர்வடிவம் இரு மொழியிலும் இருப்புப்பாதையிலிருந்து வந்தது: தமிழில் ‘பச்சைக்கொடி காட்டினார்’, தெலுங்கில் ‘பச்சஜெண்டா ஊபாரு’. அலுவல் ஆவணங்களில் ‘இசைவு’, ‘ஒப்புதல்’ என்பன போதுமானவை.

இவ்வேறுபாடு மிகுந்த விளைவுடையதாவது மருத்துவமனை ஒப்புதல் படிவங்களில். சித்தூர்ப் பகுதி நோயாளர் வேலூருக்கும் செல்வர், திருப்பதிக்கும் செல்வர். படிவம் இரு மொழிகளிலும் வேண்டியிருக்கும். அறுவைக்கு இசைவு கேட்கப்பட்ட உறவினர் ‘கானிவ்வண்டி’ என்றால் மருத்துவர் செய்யலாம் என்பது தெளிவு. அதே உறவினர் தமிழில் ‘ஆகட்டும்’ என்றால், இசைந்தாரா, கேட்டுக்கொண்டார் என்பது மட்டுமா, வீட்டாரைக் கலந்து சொல்லப்போகிறாரா என்பது தொனியைப் பொறுத்தது. தாளில் தொனி இல்லை. படிவத்தில் ‘தொடரலாம்’ என எழுதினால், எதைத் தொடர்வது என்னும் வினா எழும். ‘இந்த அறுவையைச் செய்ய இசைகிறேன்’ எனச் செய்பொருளையும் வினையையும் வெளிப்பட எழுதும் தொடர் ஆங்கில மூலத்தைவிட நீளமானது. தமிழ்ப் பேச்சில் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என வினையைத் திருப்பித் தரும் வழக்கமும் இதுவே.