உங்களுக்குத் தெரியுமா? அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது

வெல்டிங் பட்டறையில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வெறும் வாயு மட்டும் இல்லை. உள்ளே முழுவதும் நுண்துளைகள் நிறைந்த கெட்டிப்பொருள். அந்தத் துளைகளில் அசிட்டோன் திரவம். அதில் கரைந்துதான் அசிட்டிலீன் இருக்கிறது. இவ்வளவு சுற்றுவழி ஏன்? தனியாக அடைத்து அழுத்தினால், ஆக்சிஜன் துளியும் கலக்காமலே இந்த வாயு சிதைந்து வெடிக்கக்கூடும். ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற விதியும் அதனால்தான். சிலிண்டரைச் சாய்த்துவைத்துத் திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து குழாய்க்குள் வந்துவிடும். படுத்துக் கிடந்ததை நிமிர்த்திய உடனே திறக்காமல் சில மணி நேரம் விடவேண்டும்.

கலங்கரை விளக்குகளில் அசிட்டிலீனைப் பயன்படுத்தும் முறையைச் செம்மைப்படுத்திய ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாஃப் தாலேன், 1912இல் ஒரு சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் பார்வை இழந்தார். இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

செம்புக் குழாய் அசிட்டிலீனுக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்தால் லேசான உரசலிலேயே வெடிக்கும் சேர்மம் உருவாகலாம். பக்கத்து ஆக்சிஜன் சிலிண்டருக்கோ எண்ணெயும் கிரீஸும்தான் பகை. இரண்டின் குழாய்களும் மாறிவிடாதிருக்க, அசிட்டிலீன் நட்டு இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். அடையாளத்துக்கு அதன் விளிம்பில் வெட்டுக்குறியும் இருக்கும்.